ஆல்மோஸ்ட் ஃபேமஸ்: வில்லியமுக்கு நடந்ததும் கேமரன் குரோவுக்கு நடந்ததும்

கேள்வி இது: "ஆல்மோஸ்ட் ஃபேமஸ் படத்தில் 15 வயதுப் பையன் ரோலிங் ஸ்டோன் பத்திரிகைக்காக ஒரு ராக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றுகிறான். இது எவ்வளவு தூரம் நிஜம்? ராக் இசை அவ்வளவாகக் கேட்காதவர்களும் இந்தப் படத்தை ரசிக்க முடியுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக ரசிக்கலாம். லெட் செப்பெலின் யார், ஆல்மன் பிரதர்ஸ் யார் என்றெல்லாம் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரு பாட்டையோ ஒரு எழுத்தாளரையோ நினைத்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்த வயது உங்களுக்கு இருந்திருந்தால் போதும். முதல் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பவங்களில் பாதிக்கு மேல் நிஜ வாழ்க்கையிலிருந்து வந்தவை. ஆனால் கதையின் மையத்தில் அந்தப் பையன் எடுக்கும் முடிவு இருக்கிறதே, அது வேறு இடத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000இல் வந்த படம், எழுதி இயக்கியவர் கேமரன் குரோ. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் எலெய்ன் மில்லர் என்று ஒரு அம்மா. கல்லூரி ஆசிரியை, கணவரை இழந்தவர், வீட்டில் ராக் இசைக்கு இடம் கொடுக்காதவர். சைமன் அண்ட் கார்ஃபங்கல் ஆல்பத்தின் அட்டையில் அவர்கள் கண்ணைப் பார்த்தே கஞ்சா அடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். மகள் அனிதா பொறுக்க முடியாமல் விமானப் பணிப்பெண் வேலைக்குக் கிளம்புகிறாள். போகும்போது தன் இசைத்தட்டுகளைத் தம்பி வில்லியமின் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டுப் போகிறாள். அப்போது 1969, அவனுக்கு 11 வயது. 1973இல் அவன் உள்ளூர்ப் பத்திரிகைகளில் இசை பற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். அதைப் படித்த ரோலிங் ஸ்டோன் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். பேசுவது பள்ளிக்கூடப் பையன் என்று அவருக்குத் தெரியாது. வில்லியம் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு பேசி, ஸ்டில்வாட்டர் என்ற வளர்ந்துவரும் குழுவைப் பற்றி எழுதும் வாய்ப்பை வாங்கிவிடுகிறான். அப்புறம் பேருந்து, ஓட்டல், மேடை, பொய், காதல் எல்லாம் வருகின்றன.

ஸ்டில்வாட்டர் கற்பனைக் குழு. மற்றபடி குரோவின் வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு காட்சியும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். அவர் பிறந்தது 1957இல், வளர்ந்தது பெரும்பாலும் சான் டியேகோவில். அம்மா ஆலிஸ் ஆசிரியை. மகனை நடுநடுவே வகுப்பு தாண்ட வைத்ததால் அவர் 15 வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார். கூடப் படித்தவர்கள் எல்லாரும் வயதில் பெரியவர்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு சிறு பிள்ளையாக நின்ற தனிமைதான் படத்தில் வில்லியமின் முகத்தில் தெரிகிறது. சான் டியேகோ டோர் என்ற உள்ளூர் மாற்றுப் பத்திரிகையில் எழுதினார், பிறகு கிரீம் போன்ற இசைப் பத்திரிகைகளில். 1973இல் ரோலிங் ஸ்டோனுக்கு வந்துவிட்டார். படத்தில் வரும் ஆசிரியர் பென் ஃபாங்-டோரஸ் கற்பனைப் பெயர் இல்லை. அவர் அப்போது அந்தப் பத்திரிகையில் நிஜமாகவே இசைப் பகுதி ஆசிரியர், குரோவுக்கு வேலை கொடுத்தவர்.

ஸ்டில்வாட்டருக்குப் பின்னால் பல குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அடித்தளம் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட். குரோ 16 வயதில் அவர்களோடு சில வாரங்கள் பயணம் செய்தார். அந்தக் கட்டுரை 1973 டிசம்பர் 6 தேதியிட்ட இதழில் அட்டைப்படக் கட்டுரையாக வந்தது. அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்று தெரிந்தால் படம் இன்னும் கனமாகத் தெரியும். குழுவின் உயிரான கிதார்க் கலைஞர் டுவேன் ஆல்மன் 1971 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அடுத்த வருஷம் நவம்பரில் பேஸ் கிதார் வாசித்த பெரி ஓக்லியும் அதே ஊரில், அதே மாதிரி மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். போதாததற்கு ரோலிங் ஸ்டோன் மீதே அவர்களுக்குக் கோபம். 1971இல் குரோவர் லூயிஸ் என்ற நிருபர் அவர்களோடு போய்விட்டு வந்து, போதைப்பொருள் பழக்கம் உட்படப் பார்த்ததையெல்லாம் எழுதிவிட்டார். படத்தில் குழுவினர் வில்லியமைப் பார்த்ததுமே "எதிரி வந்துவிட்டான்" என்று கூப்பிடுகிறார்களே, அந்தப் பயம் சும்மா வந்தது அல்ல.

நிஜப் பயணத்தின் கடைசியில் என்ன நடந்தது என்று குரோ பல தடவை சொல்லியிருக்கிறார். குழுவின் பாடகரும் டுவேனின் தம்பியுமான கிரெக் ஆல்மன் மனந்திறந்து பேசினார், அண்ணன் சாவைப் பற்றியும் பேசினார். பிறகு திடீரென்று சந்தேகம் வந்து, நீ போலீஸ் ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டு, பதிவு செய்த டேப் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். 16 வயதுப் பையன், முதல் அட்டைப்படக் கட்டுரை, கையில் ஒன்றும் இல்லை. சில நாட்கள் கழித்து டேப்புகள் திரும்பி வந்தன, கட்டுரை வந்தது. படத்தில் இது உருமாறியிருக்கிறது. அங்கே வில்லியம் எழுதி முடித்த பிறகு, பத்திரிகையிலிருந்து ஒருவர் குழுவைக் கூப்பிட்டு ஒவ்வொரு தகவலும் சரியா என்று கேட்கிறார். கிதார்க் கலைஞன் ரஸ்ஸல் முக்கால்வாசியையும் பொய் என்று மறுத்துவிடுகிறான். கட்டுரை செத்துப்போகிறது.

நிஜத்தில் டேப்பைப் பறித்தது பயம். படத்தில் மறுப்பு வருவது, பையன் எழுதியது உண்மையாக இருந்ததால். இரண்டும் வேறு வேறு. நிஜக் குரோ இசைக்குழுக்களின் நம்பிக்கையைச் சம்பாதித்து மேலே வந்தவர். லெட் செப்பெலின் ரோலிங் ஸ்டோனை அடியோடு வெறுத்தது, அவர்களுடைய ஆல்பங்களை அந்தப் பத்திரிகை கிழித்துப் போட்டிருந்தது. அப்படியும் 1975 மார்ச்சில் அந்தக் குழு அட்டையில் வந்தது என்றால், 17 வயதுக் குரோவை அவர்கள் நம்பியதுதான் காரணம். அவருடைய கட்டுரைகளில் பிரியம் இருக்கும், கவனம் இருக்கும், யாரையும் குத்திக் கிழிக்கும் வேகம் இருக்காது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கலைஞர்கள் தயங்காமல் பேசியதற்கு அந்தப் பிரியமே காரணம். ஆனால் தன்னையே வேறு பெயரில் எழுதிய வில்லியமுக்கு, தனக்கு அதிகம் தேவைப்படாத ஒரு சோதனையைக் குரோ வைத்திருக்கிறார். உன்னைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப் போனவர்களைப் பற்றி, அவர்களுக்கு வலிக்கும் உண்மையை எழுதுவாயா? படம் முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகர்கிறது.

இந்தக் கேள்வியைப் படத்துக்குள் கொண்டுவருபவர் லெஸ்டர் பாங்ஸ். இவரும் நிஜ மனிதர். 1948இல் பிறந்தவர், சான் டியேகோவுக்குப் பக்கத்தில் எல் கஹோனில் வளர்ந்தவர். அதனால்தான் படத்தில் அவர் சான் டியேகோ வானொலி நிலையத்துக்கு வருகிறார், வில்லியம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். பாங்ஸ் 1969இலிருந்து ரோலிங் ஸ்டோனில் எழுதினார். இசைக்கலைஞர்களுக்கு மரியாதை இல்லாமல் எழுதுகிறார் என்று 1973இல், அதாவது கதை நடக்கும் அதே வருஷத்தில், அந்தப் பத்திரிகையின் நிறுவனர் ஜான் வென்னர் அவரை நீக்கிவிட்டார். பாங்ஸின் முதன்மையான வேலை கிரீம் பத்திரிகையில் நடந்தது. மூச்சுவிடாமல் நீளும் வாக்கியங்கள், பிடித்த இசையைத் திட்டவும் தயங்காத நேர்மை, மேதாவித்தனத்தின் மேல் அப்படி ஒரு எரிச்சல். 1982இல், 33 வயதில், மருந்துகளின் அளவு மீறி இறந்துபோனார். சிறுவன் குரோ அவருக்குக் கடிதம் எழுதி, நேரில் பார்த்து, கிரீமில் எழுத வாய்ப்பும் பெற்றவர்.

படத்தில் பாங்ஸாக வருபவர் பிலிப் சீமோர் ஹாஃப்மன். நான்கே நாள் படப்பிடிப்பு, அதுவும் காய்ச்சலோடு. மொத்தமாகச் சில நிமிடங்கள்தான் திரையில் இருக்கிறார், ஆனாலும் படம் முடிந்த பிறகு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகம்தான். முதல் சந்திப்பிலேயே வில்லியமிடம் சொல்லிவிடுகிறார்: இவர்கள் உனக்குச் சாராயம் வாங்கித் தருவார்கள், பெண்களை அறிமுகப்படுத்துவார்கள், விமானத்தில் ஏற்றுவார்கள், ஆனால் இவர்கள் உன் நண்பர்கள் இல்லை. கடைசியில் எழுத முடியாமல் தவிக்கும் வில்லியம் நடுராத்திரியில் அவரைக் கூப்பிடுகிறான். பாங்ஸ் வீட்டில்தான் இருக்கிறார். தன்னைப் போன்ற ஆட்கள் எப்போதும் வீட்டில்தான் இருப்பார்கள் என்கிறார். அவர்கள் உன்னைப் பெரிய ஆளாக உணர வைத்தார்கள், ஆனால் நீயும் நானும் அந்த ரகம் இல்லை, அதனால்தான் நம்மால் எழுத முடிகிறது என்று ஆறுதலே இல்லாத ஒரு ஆறுதலைச் சொல்கிறார். அவர்களுக்கு உண்மையான நண்பனாக இருக்க விரும்பினால் ஈவு இரக்கம் பார்க்காமல் நேர்மையாக எழுது என்கிறார். இளம் பத்திரிகையாளர் ஒருவருக்குச் சொல்ல இதைவிட முக்கியமான அறிவுரை எனக்குத் தெரியாது. பேட்டி எடுக்கும் எல்லாருக்கும் இந்தக் காட்சியைக் காட்ட வேண்டும் என்றே தோன்றும்.

அந்தத் தொலைபேசி உரையாடல் ஏன் அவ்வளவு வேலை செய்கிறது என்றால், அதற்குள் நமக்கும் அந்தக் குழுவைப் பிடித்துப்போயிருக்கும். ரஸ்ஸல் பொய் சொல்லுபவன், கோழை, ஆனால் அவன் சிரித்தால் நாமும் சிரிக்கிறோம். கான்ஸஸ் மாநிலத்தின் டொபீகாவில், குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு வில்லியமை இழுத்துக்கொண்டு முன்பின் தெரியாத பையன்களின் வீட்டு விருந்துக்குப் போகிறான். போதையில் கூரைமேல் ஏறி நின்று தன்னைக் கடவுளென்று கத்திவிட்டு நீச்சல் குளத்தில் குதிக்கிறான். மறுநாள் காலை பேருந்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. எல்டன் ஜானின் டைனி டான்ஸர் ஓடுகிறது. ஒருவர் முணுமுணுக்கிறார், இன்னொருவர் சேர்ந்துகொள்கிறார், கொஞ்ச நேரத்தில் பேருந்தே பாடுகிறது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் சண்டை முடிந்துவிட்டது. வில்லியம் பக்கத்தில் இருக்கும் பென்னி லேனிடம், குழுவோடு கூடவே வரும் இளம்பெண் அவள், நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். நீ வீட்டில்தான் இருக்கிறாய் என்கிறாள் அவள். 1971இல் வெளியான அந்தப் பாட்டு அப்போது பெரிதாக ஓடவில்லை. இன்று அது எல்லாருக்கும் தெரிகிறது என்றால் இந்தக் காட்சிக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் படங்களில் கண்டிப்பான அம்மா என்றால் கேலிப்பொருளாகிவிடுவார். பிரான்சிஸ் மெக்டார்மண்ட் நடித்திருக்கும் எலெய்ன் அப்படி இல்லை. ராக் இசையைப் பற்றி அவர் பயப்பட்ட ஒவ்வொன்றும் படத்தில் கண்ணெதிரே நடக்கிறது. போதை இருக்கிறது, பொய் இருக்கிறது, ஒரு பெண் சாவின் விளிம்புக்குப் போய் வருகிறாள். அம்மா சொன்னது சரி, அக்கா வீட்டைவிட்டுப் போனதும் சரி, இரண்டையும் படம் ஒருசேர ஒப்புக்கொள்கிறது. மகனோடு போனில் பேசும்போது ரஸ்ஸல் போனை வாங்கி வழக்கமான வசீகரத்தோடு ஏதோ பேசப் பார்க்கிறான். எலெய்ன் அவனை ஒரு நிமிடத்தில் பள்ளிக்கூடப் பையனாக்கிவிடுகிறார். நீ திருந்துவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறார். படம் முழுக்க ரஸ்ஸலை நேராகப் பார்த்துப் பேசிய ஒரே பெரியவர் அவர்தான். நிஜ அம்மா ஆலிஸ் 2019 செப்டம்பரில், இந்தக் கதையின் மேடை வடிவம் சான் டியேகோவில் தொடங்க இருந்த அதே வாரத்தில் காலமானார்.

இனி எனக்கு உறுத்தும் விஷயம். பென்னி லேனும் அவள் தோழிகளும் குழுக்களைப் பின்தொடர்ந்து போகிறவர்கள். இசைக்காகவே வருகிறோம் என்று சொல்லிக்கொள்பவர்கள். கேட் ஹட்சன் அந்தப் பாத்திரத்தில் மின்னுகிறார். முதலில் அவரை அக்கா பாத்திரத்துக்குத்தான் எடுத்திருந்தார்கள், பென்னியாக நடிக்கவிருந்த சாரா பாலி விலகியதால் இவருக்கு வந்தது. பென்னி வயதைப் பற்றி வில்லியமும் அவளும் பேசும் காட்சி ஒன்று உண்டு. 18 என்று தொடங்கி, 17 என்று இறங்கி, 16இல் நிற்கிறது. அவன் கடைசியில் 15 என்கிறான். அழகான காட்சி, ஆனால் அந்த எண்ணை யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. 1970களின் ராக் உலகத்தில் சிறுமிகளைப் பெரிய கலைஞர்கள் எப்படி நடத்தினார்கள் என்பது பிற்பாடு அந்தப் பெண்களே சொல்லி வெளிவந்த வரலாறு. படம் அதன் ஓரத்தைத் தொடுகிறது. பென்னியை 50 டாலருக்கும் ஒரு பெட்டி பீருக்கும் சீட்டாட்டத்தில் வேறு குழுவிடம் கொடுத்துவிடுகிறார்கள். வில்லியம் அதை அவளிடம் சொல்ல, கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டே, என்ன பீர் என்று கேட்கிறாள். ஹட்சனின் நடிப்பில் உச்சம் அந்த ஒரு நொடி. ஆனால் 15 வயது வில்லியமை மூன்று பெண்கள் சேர்ந்து படுக்கைக்கு இழுக்கும் காட்சியை அதே படம் வேடிக்கையாகக் காட்டிவிட்டு நகர்கிறது. இன்று அதைப் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை. பாங்ஸ் கேட்ட ஈவு இரக்கமற்ற நேர்மை இந்த ஒரு விஷயத்தில் குரோவின் கையைவிட்டு நழுவிவிட்டது என்பேன்.

அவர் தன்னை அறியாமல் ரசிகர் பக்கம் சாய்ந்த இடம் இது. ஈடுசெய்யும் இடமும் உண்டு. குழுவின் விமானம் புயலில் மாட்டிக்கொள்கிறது, எல்லாரும் சாகப்போகிறோம் என்று நினைத்து ரகசியங்களைக் கொட்டுகிறார்கள். யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் வெளியே வருகிறது. படம் முழுக்க வாயே திறக்காத டிரம்மரும் கத்தி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறார், அடுத்த நொடி விமானம் சரியாகிவிடுகிறது. அப்போதுதான் வில்லியம் பொங்குகிறான்: பென்னி உங்கள் இசையை நேசித்தாள், நீங்கள் அவளைப் பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிந்தீர்கள், நேற்றிரவு அவள் சாகக் கிடந்தாள். படத்தில் அவன் முதன்முதலாக ரசிகனாக இல்லாமல் பேசுவது அங்கேதான். எழுத்தாளனாக மாறுவதும் அங்கேதான்.

இசைப் பக்கம் வருவோம். ஸ்டில்வாட்டரை நம்ப வைப்பதற்கு எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சமில்லை. கற்பனைக் குழுவின் பாடல்கள் மட்டமாக இருந்தால் படமே விழுந்துவிடும். ஆனால் அசாதாரணமாக இருந்தாலும் பொய்யாகத் தெரியும், ஏனென்றால் இவர்கள் இன்னும் உச்சிக்குப் போகாத குழு. ஹார்ட் குழுவின் நான்சி வில்சன் அப்போது குரோவின் மனைவி. அவரும் குரோவும் பீட்டர் ஃப்ராம்டனும் சேர்ந்து அந்தச் சரியான நடுத்தரத்தில் பாடல்கள் எழுதினார்கள். ரஸ்ஸலின் கிதாரை நிஜத்தில் வாசித்தது பேர்ல் ஜாம் குழுவின் மைக் மெக்ரெடி. ஃப்ராம்டன் நடிகர்களுக்கு வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தார், கிதாரை எப்படிப் பிடிப்பது, மேடையில் எப்படி நிற்பது என்பது வரை. ஒரு காலத்தில் ஹம்பிள் பை குழுவில் இருந்தவர் அவர். படத்தில் அதே ஹம்பிள் பையின் பயண மேலாளராக ஒரு சின்ன வேடத்தில் தலைகாட்டுகிறார். பாடல் உரிமைக்கு மட்டும் சுமார் 35 லட்சம் டாலர் போனது, அந்தக் காலத்தில் படங்களுக்கு வழக்கமாக ஆவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

லெட் செப்பெலின் சினிமாவுக்குச் சுலபத்தில் பாட்டுக் கொடுக்காத குழு. குரோ லண்டனுக்குப் போய் ஜிம்மி பேஜுக்கும் ராபர்ட் பிளாண்டுக்கும் படத்தைப் போட்டுக் காட்டி, சில பாடல்களை வாங்கிவிட்டார். ஸ்டேர்வே டு ஹெவன் மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டை அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, பயணத்துக்கு அனுமதி வாங்க வில்லியம் முயலும் ஒரு நீண்ட காட்சியை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். டிவிடியில் அதைப் பாட்டு இல்லாமலேயே சேர்த்து, எந்த நொடியில் நீங்களே இசைத்தட்டைப் போட வேண்டும் என்று குறிப்புக் கொடுத்திருக்கிறார்கள். செய்து பாருங்கள், மெக்டார்மண்டின் முகம் அந்தப் பாட்டோடு மாறுவது அருமையாக இருக்கும்.

சுமார் 6 கோடி டாலர் செலவான படம், திரையரங்குகளில் அதைத் திரும்ப எடுக்கவில்லை. அடுத்த வருஷம் அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் குரோவுக்குக் கிடைத்தது. ஹட்சன், மெக்டார்மண்ட் இருவரும் துணை நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள், விருது வேறொருவருக்குப் போனது. படம் பிறகு டிவிடியில்தான் தன் ரசிகர்களைக் கண்டுபிடித்தது.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்று அடுத்து கேட்பீர்கள். இரண்டு இருக்கின்றன. திரையரங்கில் வந்தது சுமார் 2 மணி நேரம். பிறகு வெளியான நீண்ட பதிப்பு 162 நிமிடங்கள். முதல் தடவை சின்னதையே பாருங்கள், அதன் வேகம் சரியாக இருக்கிறது. பிடித்துப்போனால் நீண்டதற்குப் போங்கள். அதில் குழுவினருக்குள் இருக்கும் பொறாமையும், பாடகன் ஜெஃப் பீபியின் மனக்குறையும், பென்னி மெல்லச் சரிவதும் இன்னும் விரிவாக வரும். போதைப்பொருள், கெட்ட வார்த்தை, கொஞ்சம் நிர்வாணம் எல்லாம் இரண்டிலும் உண்டு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள். பாங்ஸை மேலும் தெரிந்துகொள்ள விரும்பினால், அவர் இறந்த பிறகு கிரெய்ல் மார்கஸ் தொகுத்து 1987இல் வந்த கட்டுரைத் தொகுதி இன்றும் அச்சில் கிடைக்கிறது. படத்தில் வரும் மனிதரைவிட நிஜப் பாங்ஸ் கரடுமுரடானவர், எரிச்சலூட்டுபவர், சில பக்கங்களில் உங்களைக் கோபப்படுத்தவும் செய்வார். அதற்குத் தயாராகவே புத்தகத்தைத் திறங்கள்.